எங்களுக்குக் குரல் விழாத பிரச்சினை தீர்ந்த விதம்

கொக்குவிலில் ஒரு ரியூட்டரிக்கு 12 தொலைபேசிகள் இணைக்க வேண்டியிருந்தது. முதலில் இணையவழி அழைப்புகளைக் கையாளும் கமைலியோ என்ற மென்பொருளைப் போட்டேன். ஆயிரக்கணக்கான அழைப்புகளைத் தாங்கும் என்று தெரியும். ஆனால் "கணிதத்துக்கு 1, விஞ்ஞானத்துக்கு 2" என்று குரல் பட்டியல் வைக்கப் போனபோதுதான் விளங்கியது: அது சிப் (SIP) எனப்படும், அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பரிமாறும் சமிக்ஞைச் செய்திகளை வழிநடத்தும் மென்பொருள், குரல் அதன் வழியே போவதே இல்லை. அது குறையல்ல, அதன் எல்லை அப்படி வகுக்கப்பட்டது. சிறிய இடத்துக்கு 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருள்தான் பொருத்தம். அழைப்பு வரிசை, குரல் அஞ்சல், பட்டியல் எல்லாம் அதிலேயே உண்டு. சரி, மாற்றினேன்.

அப்புறம் வந்தது உண்மையான தலையிடி. சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய் எடுத்தார். நாங்கள் கதைப்பது அவருக்குக் கேட்கிறது, அவர் கதைப்பது எங்களுக்கு விழவில்லை. "ஹலோ தம்பி, கேக்குதோ?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

ஆஸ்டரிஸ்கின் சிப் பதிவை ஓடவிட்டுப் பார்த்தேன். நாங்கள் அனுப்பிய செய்தியில் குரலுக்கான முகவரி 192.168.1.20. எங்கள் உள் வலையமைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி அது. வெளியாள் அதற்கு எப்படிக் குரலை அனுப்புவார்?

ஆஸ்டரிஸ்கின் சிப் அமைப்புகள் இருக்கும் பிஜேசிப் கோப்பின் டிரான்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் நிலையான வெளி முகவரியை, சமிக்ஞைக்கு ஒன்றும் குரலுக்கு ஒன்றுமாக, இரண்டு வரிகளில் கொடுத்தேன். உள் வலையமைப்பு எது என்று சொல்லும் லோக்கல் நெட் வரியில் 192.168.1.0/24. ரூட்டரில் குரல் வரும் யூடிபி போர்ட்டுகளை, 10000 முதல் 20000 வரை, ஆஸ்டரிஸ்க் ஓடும் சேர்வருக்குத் திருப்பிவிட்டேன். டிரான்ஸ்போர்ட் மாற்றத்துக்கு, கோப்பை மீண்டும் வாசிக்க வைக்கும் ரீலோட் போதாது, ஆஸ்டரிஸ்கை நிறுத்தித் தொடங்க வேண்டும். இதில்தான் ஒரு பின்னேரம் போனது.

அந்தத் தாய்க்கு நானே திருப்பி அழைத்தேன். "இப்ப சொல்லுங்கோ அம்மா" என்றதும் மகளின் வகுப்பு நேரத்தைக் கேட்டார். தெளிவாக விழுந்தது.