ஜப்பானியர் காலத்துக் கதைகளை அம்மாவிடம் கேட்டுப் பதிவது எப்படி?

மலாயாத் தோட்டங்களில் பிறந்து இன்று 90 வயதை ஒட்டியிருக்கும் தாயோ தந்தையோ இரண்டாம் உலகப் போர்க்காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், முதலில் கைப்பேசியின் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, குறிப்பெடுப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டைக் கேட்டுத் தொடங்காதீர்கள். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியதையும் 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்ததையும் நூல்களிலேயே பார்த்துக்கொள்ளலாம். அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கை எப்படிச் சமைத்தார்கள், துணி கிடைக்காதபோது எதை உடுத்தினார்கள், போர் முடிந்ததும் செல்லாமற்போன வாழைமர நோட்டுகளை (வாழைமரப் படம் போட்டு ஜப்பானியர் வெளியிட்ட பணத்தை) வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேட்டால், தேதி கேட்டபோது வராத நினைவுகள் தாமாக வரும். காலத்தை நிறுவ அவர்களுடைய அடையாளங்களையே பிடித்துக்கொள்ளுங்கள்: தம்பி பிறப்பதற்கு முன்பா பின்பா, தோட்டத்துத் துரை ஓடிப்போன பிறகா என்பதே போதும். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு ஏற்ப ஒன்றரை மணி முன்னே தள்ளிவைத்த காலம் அது என்பதால், சொல்லப்படும் மணிக்கணக்கை விடியலோடும் அந்தியோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அன்று சிறுபிள்ளையாக இருந்தவரின் நினைவில் கண்டதும் கேட்டதும் கலந்தே இருக்கும். "அம்மா, இது நீங்களே பார்த்ததா, பாட்டி சொன்னதா?" என்று மெதுவாகக் கேட்டு இரண்டையும் தனித்தனியே குறியுங்கள், ஒரே கதை இருமுறை வேறுவிதமாக வந்தால் திருத்தாமல் இரண்டையும் வைத்திருங்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலாகப் பிள்ளைகள் மாறிவிடுவதால் நின்றுபோன கதைகளே அதிகம் என்பது என் எண்ணம்.

சயாம் ரயில் பாதையைப் பற்றிய பேச்சில் மட்டும் கூடுதல் நிதானம் வேண்டும். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் வேலை செய்யத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் காலராவாலும் பசியாலும் பெருந்தொகையாக மாண்டார்கள். அங்கே மாண்ட மேலைநாட்டுப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. இந்தத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே திரும்பாத மாமாவின் இறப்பு விவரத்தைத் துருவுவதைவிட, அவருடைய முழுப்பெயர், தந்தை பெயர், தோட்டத்தின் பெயர், உடன் போனவர்களின் பெயர்கள் ஆகியவற்றை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கதை சொல்பவர் மௌனமானால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிட்டு, பதிவின் நகலை வேறு ஊரில் இருக்கும் உடன்பிறப்பு ஒருவருக்கும் அன்றே அனுப்பிவையுங்கள்.