தடைக்காலத்தில் முதுகையும் தோளையும் வலுப்படுத்துதல்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் நடப்பில் இருக்கும்போது, தொண்டி முதல் மண்டபம், பாம்பன், இராமேசுவரம் வரை விசைப்படகுகள் கரையில் நிற்க, அவற்றில் தொழிலுக்குச் செல்லும் இளைஞர்களில் சிலர் ஜிம்முக்கு வரத் தொடங்குகிறார்கள். எட்டு வாரத்துக்குச் சற்றே கூடுதலான இந்தக் காலம், புதிதாக எடைப்பயிற்சியைத் தொடங்குபவர் முதுகிலும் தோளிலும் தெளிவாக உணரக்கூடிய வலிமையைப் பெறுவதற்குப் போதுமானது. ஆனால் வருபவர்களில் பெரும்பாலோர் கண்ணாடியில் தெரிகிற நெஞ்சுக்கும் கைக்குமே நேரத்தைச் செலவிட்டுவிட்டு, கண்ணில் படாத முதுகை வாரக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

வலை இழுப்பவருக்கு முதுகுப் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். கயிறு இழுத்துப் பழகியவரின் விரல்பிடியும் முன்கையும் ஏற்கெனவே உறுதியானவைதான். எனினும் அந்த இழுவை பெரும்பாலும் கூன் விழுந்த முதுகோடும் முன்னால் சரிந்த தோளோடும் உடலின் ஒரே பக்கத்தில் நிகழ்கிறது. ஆகவே ஜிம்மில் அவர் கற்க வேண்டியவை இரண்டு: பாரத்தை இழுக்கும்போது தோள்பட்டை எலும்புகளைப் பின்னோக்கிக் கொண்டுவருவது, முதுகெலும்பை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மட்டும் மடங்கித் தூக்குவது. இதனால்தான், நெஞ்சுக்கும் தோளுக்கும் தள்ளும் பயிற்சி ஒரு செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று) செய்தால், இழுக்கும் பயிற்சி இரண்டு செட் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

அக்குளின் கீழிருந்து இடுப்பு வரை விரியும் லாட்ஸ், கழுத்தடியிலிருந்து நடுமுதுகு வரை இறங்கும் ட்ரபீசியஸ், தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலுள்ள ராம்பாய்டு, முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் ஓடும் தசைகள் ஆகியவை முதுகின் முக்கியத் தசைகள். தோளின் மேல்தசை முன், பக்கம், பின் என்று மூன்று பகுதிகளைக் கொண்டது. அதற்கு அடியில் நான்கு சிறு தசைகள் சேர்ந்து மேற்கை எலும்பின் பந்துமுனையை அதன் குழியில் பிடித்து நிறுத்துகின்றன. அந்தக் குழி ஆழமற்றது என்பதால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. அதே காரணத்தால்தான் தோள் எளிதில் காயப்படவும் செய்கிறது.

நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஜிம்முக்குள் நுழைந்ததுமே சட்டை நனைந்துவிடும். அந்த வியர்வையை வார்ம் அப் முடிந்ததற்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது. ஐந்து முதல் பத்து நிமிடம் கைகளைச் சுழற்றி, தோள்பட்டை எலும்புகளை முன்னும் பின்னும் அசைத்து, பிறகு செய்யப்போகும் பயிற்சியையே மிகக் குறைந்த எடையில் ஓரிரு செட் செய்த பின்னரே உண்மையில் தூக்கப்போகும் எடைக்குச் செல்ல வேண்டும்.

முதற்பயிற்சியாக, எந்திரத்தில் அமர்ந்து தலைக்கு மேலுள்ள கம்பியைக் கீழே இழுக்கும் லாட் புல்டவுனை எடுத்துக்கொள்ளலாம். கம்பியைத் தோளகலத்தைவிடச் சற்றே அகலமாகப் பிடித்து, தொடைகளை மெத்தைக்கு அடியில் இறுக்கி, முதலில் தோள்களைக் காதுகளிலிருந்து கீழே இறக்கி, அதன்பின் முழங்கைகளை விலாவை நோக்கி இழுத்துக் கம்பியை மேல்நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். திரும்ப மேலே விடும்போது எடையைத் தடாலென்று விழவிடாமல் இரண்டு மூன்று நொடிகள் எடுத்துக்கொள்வது அவசியம். பின்கழுத்துக்கு இழுக்கும் பழைய வழக்கத்தில் கூடுதல் பயன் எதுவும் இல்லை, தோள்மூட்டுக்குத்தான் சிரமம்.

உப்புக்காற்று படும் ஊர்களில் இந்த எந்திரத்தைத் தொடுமுன் அதன் கேபிளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. உறைக்கு உள்ளே துரு ஏறியிருந்தாலோ, இழைகள் பிரிந்து நின்றாலோ, கொக்கி தேய்ந்திருந்தாலோ அதில் அமரவே கூடாது. தலைக்கு மேல் எடையுடன் அறுகிற கேபிள் விளையாட்டல்ல.

அடுத்து உட்கார்ந்து செய்யும் கேபிள் ரோ. உடலை முன்னும் பின்னும் ஆட்டாமல், நெஞ்சை நிமிர்த்தி, கைப்பிடியை மேல்வயிற்றுக்கு இழுத்து ஒரு நொடி நிறுத்த வேண்டும். பெஞ்சில் ஒரு கையை ஊன்றி மறு கையால் செய்யும் டம்பெல் ரோவை, இடம் வலம் இரண்டின் வலிமையும் வேறுபட்டிருப்பவர்கள் விடாமல் செய்ய வேண்டும். வலுக்குறைந்த கையில் தொடங்கி, அது எத்தனை முறை செய்ததோ அத்தனை முறையே மற்றக் கையாலும் செய்தால் வேறுபாடு நாளடைவில் குறையும்.

பாரை, அதாவது எடை மாட்டும் நீளக் கம்பியை, தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் அவசரம் ஆகாது. முதல் இரண்டு வாரங்கள் வெறும் பாரை மட்டும் எடுத்து, நின்ற நிலையிலிருந்து முழங்காலைச் சற்றே தளர்த்தி, இடுப்பைப் பின்னே தள்ளி, பாரைத் தொடையை ஒட்டியபடி முழங்காலுக்குக் கீழே வரை இறக்கி ஏற்றும் ரோமானியன் டெட்லிஃப்டை மட்டும் பழக வேண்டும். பெரிய பார் மட்டுமே 20 கிலோ என்பதை மறக்க வேண்டாம். அது கைவந்தபின் தரையிலிருந்து தூக்கலாம்: பார் பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே இருக்க வேண்டும், கைகள் நேராகத் தொங்க வேண்டும், மூச்சை வயிற்றுக்குள் இழுத்து நடுவுடலை இறுக்கிய பிறகு, தரையைக் காலால் அழுத்தி எழ வேண்டும். நிமிர்ந்ததும் பின்னால் சாய வேண்டியதில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்காமல், எழும்போது மெதுவாக வெளிவிட வேண்டும்.

சிறிய ஜிம்களில் ஒரு சிக்கல் உண்டு. பாரின் முனையில் மாட்டும் முழு அளவு பிளேட்டின் (எடைத்தட்டின்) விட்டம் 45 சென்டிமீட்டர் என்பதால் பார் தரையிலிருந்து ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். சிறு பிளேட்டுகளை மாட்டினால் பார் தாழ்ந்துவிடும், அதை எட்ட முதுகு வளையும். அப்போது பாரின் இருபுறமும் பலகைகளை அடுக்கி உயர்த்திக்கொள்ள வேண்டும். ஐஸ் போட்ட மீன்பெட்டியைத் தூக்கும்போதும் டெட்லிஃப்டில் தூக்கும் முறையையே கடைப்பிடித்தால், ஜிம்மில் பழகியது தொழிலுக்கும் உதவும். வியர்வையில் பார் வழுக்கினால் துண்டால் துடைத்து, ஜிம் சாக் எனப்படும் மெக்னீசியம் கார்பனேட் பொடியைக் கையில் தடவிக்கொள்ளலாம்.

தோளுக்கு வருவோம். டம்பெல் ஷோல்டர் பிரஸில் முழங்கைகளை உடலுக்கு நேர்பக்கவாட்டில் விரிக்காமல் சற்றே முன்னால் வைத்து, கீழ்முதுகு வளையாதபடி வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கித் தலைக்கு மேல் தள்ள வேண்டும். டம்பெல்களைப் பக்கவாட்டில் தூக்கும் லேட்டரல் ரைஸுக்கு 2.5 கிலோ முதல் 5 கிலோ வரை போதும். தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டியதில்லை, கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்புவதும் வேண்டாம். இந்தப் பயிற்சியில் கனமான எடையை வீசித் தூக்குபவர்களுக்குப் பயன் கிடைப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபேஸ் புல். முக உயரத்தில் கேபிளில் கயிற்றுப்பிடியை மாட்டி, முழங்கைகளை உயர்த்தி, கயிற்றின் இரு முனைகளும் காதுகளின் இருபுறமும் வரும்வரை இழுக்க வேண்டும். தடைக்காலத்தில் மணிக்கணக்கில் குனிந்து அமர்ந்து கிழிந்த வலைகளைச் சரிசெய்பவர்களுக்கு, பின்தோளுக்கும் மேல்முதுகுக்கும் இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை. எடையைக் குறைத்து 15 முறை செய்யலாம்.

மற்ற பயிற்சிகளுக்கு மூன்று செட், செட்டுக்கு 8 முதல் 12 முறை என்பது நல்ல அளவு. டெட்லிஃப்டுக்கு மட்டும் 5 அல்லது 6 முறை போதும். இன்னும் ஓரிரு முறை செய்ய முடியும் என்ற நிலையிலேயே செட்டை நிறுத்திவிட வேண்டும். மூன்று செட்டிலும் மேல்வரம்பை எட்டியபின் எடையை 2.5 கிலோ கூட்டலாம். கனமான பயிற்சிகளுக்கு இடையே இரண்டு மூன்று நிமிட ஓய்வு தேவை. திங்கள், வியாழன் என வாரம் இருமுறை செய்தால் போதும். கடற்பாசி எடுக்கச் செல்லும் பெண்களுக்கும் இவையே பொருந்தும். அவர்கள் பாருக்குப் பதிலாக டம்பெல்லில் தொடங்குவது எளிது.

புரதத்துக்காகப் பொடி டப்பாக்களைத் தேடி அலைய இங்கே தேவையே இல்லை. 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. உப்பு மிகுந்த கருவாட்டை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளலாம்.

தோளில் வலியின்றிச் சொடக்குச் சத்தம் கேட்டால் அஞ்ச வேண்டாம். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவழியில் சுருக்கென்று வலித்தால் அந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும். கையிலோ காலிலோ மரத்துப்போதலும் இழுத்தாற்போன்ற வலியும் இறங்கினால், ஜிம் மாஸ்டரிடம் யோசனை கேட்காமல் எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஜூன் பாதியில் படகுகள் மீண்டும் இறங்கியதும் வாரம் இருமுறை இயலாது. பெற்ற வலிமையைக் காத்துக்கொள்ள, எடையைக் குறைக்காமல், ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டு செட் என வாரம் ஒருமுறை செய்தால் போதும். இரவெல்லாம் வலை இழுத்துக் கரை திரும்பிய நாளில் டெட்லிஃப்டை விட்டுவிட்டு, ஃபேஸ் புல்லையும் இலேசான லாட் புல்டவுனையும் மட்டும் செய்யலாம். தூக்கம் போதாதிருந்தால் அதையும் மறுநாளைக்குத் தள்ளிவைக்கலாம்.