லிஜியா பாப்பேவ தெரிஞ்சுக்கணுமா, ஒரு வெள்ளத் துணி தைங்க

லிஜியா பாப்பே யாருன்னு கேக்குறவங்களுக்கு நான் புக்கு எதுவும் சொல்றதில்ல, துணி தைக்கத்தான் சொல்வேன். பிரேசில் நாட்டுக் கலைஞர், 1927ல பொறந்து 2004ல இறந்தாங்க, மரத்துல செதுக்கி பிரிண்ட் எடுத்தவங்க, 'சினிமா நோவோ'ங்கிற பிரேசில் புது அலை சினிமா ஆளுங்க படத்துக்கு டைட்டில் டிசைன் பண்ணவங்க, அப்புறம் தானே ஷார்ட் ஃபிலிமும் எடுத்தாங்க. 1968ல செஞ்சது 'டிவிசோர்', பிரிக்கிறதுன்னு அர்த்தம். பெரிய வெள்ளத் துணி, அதுல நெறைய கிழிசல், கிழிசலுக்கு ஒரு தலை. ரியோல குடிசைப் பகுதிப் பசங்கள வெச்சுதான் முதல்ல பண்ணாங்க.

நாம 20 பசங்களுக்கு பண்ணுவோம். சென்னை கோடவுன் தெருவுல 36 இன்ச் காடாத் துணி 32 மீட்டர் வாங்குங்க, காடா சுருங்கும், அதனால நனைச்சு காயப்போட்டுட்டு 5 மீட்டர் நீளத்துல 6 துண்டா வெட்டி பக்கத்துல பக்கத்துல சேத்து தைச்சிருங்க. ஓரத்து ரெண்டு துண்ட விட்டுட்டு நடு 4 துண்டுலயும் துண்டுக்கு 5 கிழிசல், முக்கா மீட்டர் எடைவெளி, ஒவ்வொண்ணும் 1 அடி நீளம். கிழிசலோட ரெண்டு முனையிலயும் கண்டிப்பா டேப் வெச்சு தைங்க, நாங்க முதல் தடவ அத செய்யாம விட்டு பத்தே நிமிஷத்துல ஒரு கிழிசல் ஓரம் வரைக்கும் போயிருச்சு, பாவம் அந்தப் பொண்ணு அழுதே அழுதுட்டா.

பெசன்ட் நகர் பீச்னா காலைல 6 மணிக்கே போயிருங்க, வெயில் ஏறி கடக்காத்து ஆரம்பிச்சா துணி கப்பல் பாய் மாதிரி உப்பிரும், பசங்க கழுத்துக்கு அது நல்லதில்ல. அலை பக்கம் வேணாம். ஓடக்கூடாதுன்னு மட்டும் சொல்லிட்டு நாலு மூலைக்கும் ஒரு பெரியவங்க நில்லுங்க. இப்படி நட அப்படி நடன்னு வேற எதுவும் சொல்லாதீங்க ப்ளீஸ்.

ஏன்னா விஷயமே அங்கதான் இருக்கு. மேல வெறும் தலைங்க, கை கால் எல்லாம் துணிக்கு அடியில. ஒருத்தன் உக்காந்தா சுத்தி நாலு பேர் குனியணும், ஒருத்தி கடல் பக்கம் திரும்பினா மொத்தத் துணியும் திரும்பப் பாக்கும், தனித்தனியாவும் இருக்காங்க, பிரியவும் முடியல. பிரேசில்ல ராணுவ ஆட்சி நடந்தப்ப செஞ்ச வேலை இது, 1973ல அவங்களயே ஜெயில்ல போட்டாங்க. இத பெரிய பசங்களுக்கு துணிய மடிக்கும்போது சொல்லுங்க, முன்னாடியே சொல்லிறாதீங்க.

பசியோட இருப்பாங்கல்ல, அப்ப 1967ல பாப்பே செஞ்ச இன்னொண்ண பண்ணுங்க. வட்டமா வெள்ளக் கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு கலர் தண்ணி, ஒரு டிராப்பர், நாக்குல சொட்டு விட்டு ருசி பாக்கணும். பீட்ரூட் கலர்ல எலுமிச்சை, பச்சையில பாகக்கா, மஞ்சள்ல வெல்லத் தண்ணி. எது கசக்கும்னு சொல்லாம கிண்ணத்த வைங்க.