பங்குனி, சித்திரையில் மணக்குடி பக்கம் பறவை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பொங்கல் முடிந்ததும் பைனாகுலரை உறையில் போட்டு மூடிவிடுகிற ஆட்கள் நம்மில் நிறைய. "சீசன் முடிஞ்சு போச்சு" என்பார்கள். முதல் தவறு அதுதான். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் உள்ள மணக்குடி காயலிலும் புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களிலும் எண்ணிக்கை குறையும், சரி, ஆனால் வலசைப் பறவைகள் வடக்கே கிளம்பும் முன் சிறகு நிறம் மாறுவதை இப்போதுதான் பார்க்க முடியும். அதைப் பார்க்க வந்துவிட்டு முக்கடல் முனையில் கூட்டத்துக்கு நடுவே நின்று தேடுவது இரண்டாவது தவறு. அங்கே சூரியனைப் பாருங்கள். பறவைக்கு மணக்குடிக்கு வாருங்கள்.

நிறம் மாறுவதால் அடையாளமும் குழம்பும். டிசம்பரில் சாம்பலாகத் திரிந்த வளைமூக்கு உள்ளானுக்கு ஏப்ரலில் வயிறு செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும், பாதி மாறியது திட்டுத் திட்டாக நிற்கும். மீசை ஆலாவுக்கு வயிறு கறுக்கும், பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு அப்போதுதான் தலையே பழுப்பாகும். கையேட்டில் குளிர்காலப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு "புது இனம்" என்று ஈபேர்டில் (பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளம்) ஏற்றிவிடாதீர்கள். நிறத்தை விட்டுவிட்டு அலகு, கால், இரை தேடும் விதம் இவற்றைப் பாருங்கள்: வளைமூக்கு உள்ளான் தையல் மிஷின் ஊசி மாதிரி நிறுத்தாமல் சேற்றைக் குத்திக்கொண்டே போகும், உப்புக்கொத்தி நாலடி ஓடி, நின்று, பார்த்து, பிறகுதான் கொத்தும்.

வெயில் எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் வண்டியை நிறுத்துபவர்கள் அதிகம். காலையில் கீழ மணக்குடிக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் பாலத்தைத் தாண்டி மேல மணக்குடிக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். (2004 சுனாமியில் அடித்துப் போன பாலத்துக்குப் பதிலாக வந்த பாலம்தான் இது.) திசை மாறினால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். ஒன்பது மணிக்கு மேல் உப்பளத்தில் கானல் ஆட ஆரம்பித்துவிடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கோப்பாக இருந்தாலும் ஒன்றும் தெரியாது.

வேறு ஊர்க் கடற்கரைகளைப் போல ஓதக் கணக்கை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரத்தை மட்டும் நம்பி வருவதும் சரிப்படாது. இங்கே ஏற்ற இறக்கம் ரொம்பக் குறைவு. பழையாறு கடலில் சேரும் வாய்க்குப் பொழி என்று பேர், அது திறந்திருக்கிறதா, மணல் மூடிவிட்டதா என்பதுதான் முக்கியம். மூடினால் தண்ணீர் தேங்கிச் சேற்றுத் திட்டு முங்கிவிடும், கரைப்பறவைக்கு நிற்க இடம் இருக்காது. கரையில் வலை பார்க்கும் அண்ணன்மாரிடம் "பொழி திறந்திருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். மூடியிருந்தால் நேரே உப்பளத்துக்குப் போய்விடலாம்.

உப்பளத்தில் நடப்பதுதான் பெரிய தவறு. கேட்காமல் வரப்பில் ஏறுவதைச் சொல்கிறேன். உப்பு வாரும் காலம் அது, தொழிலாளர்களுக்கு இடைஞ்சல் என்பது ஒரு பக்கம், நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் வெறுந்தரையில் முட்டையிடும் காலமும் அதுதான். கூடு என்று ஒன்றும் இருக்காது, சின்னப் பள்ளத்தில் மண் நிறத்தில் புள்ளி போட்ட முட்டைகள், மிதித்த பிறகுதான் தெரியும். தாய் வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து உட்கார்ந்து முட்டையைக் குளிர வைக்கும். நீங்கள் ஒரு நல்ல படத்துக்காகக் கால் மணி நேரம் அங்கே நின்றால் அத்தனை நேரமும் அது கிட்டே வராது, சித்திரை வெயில் முட்டையை வேகவைத்துவிடும். தலைக்கு மேலே ஒரு பறவை கத்திக்கொண்டே சுற்றினாலோ, இறக்கை ஒடிந்தது மாதிரி இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினாலோ, வந்த வழியே திரும்புங்கள். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் வேண்டாம்.

கூட்டத்தைப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதும் இதே கணக்குத்தான். சைபீரியா வரை போக வேண்டிய உள்ளான் இங்கே தின்று கொழுப்புச் சேர்க்கிறது, ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் செலவாகிறது.

அப்புறம், தண்ணீர். உப்பளத்தில் நிழலே கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். வழியில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் குடியுங்கள், ஆனால் அதை நம்பித் தண்ணீர் இல்லாமல் கிளம்பாதீர்கள்.