நண்டு வலைக்குப் புதுசா இறங்குற பெடியளுக்கு

எங்கட கிளிநொச்சிக் கரையில நாச்சிக்குடா, வலைப்பாடு, கிராஞ்சிப் பக்கம் இப்ப கன பெடியள் ஓஎல் சோதினை முடிச்ச கையோட அப்பாட வள்ளத்திலயே தொழிலுக்கு இறங்குறாங்கள், நல்ல விசயம்தான், ஆனா வலையைப் போட்டா நண்டு வரும் எண்டதை மட்டும் தெரிஞ்சுகொண்டு போனா கொஞ்ச நாளில சம்மாட்டிக்கு, அதான் தொழில் முதலாளிக்கு, கடன்காரனா நிக்கவேண்டி வரும். எத்தினை வலை போட்டம் எண்டதில காசு இல்லை, எத்தினை நண்டு உயிரோட, கால் முறியாம கரைக்கு வருது எண்டதிலதான் காசு கிடக்கு.

வலை வாங்கேக்க முதல் பாக்கவேண்டியது கண், அதான் வலையின்ர ஓட்டை. நீலக்கால் நண்டுக்கு நாலரை இஞ்சிக்குக் குறையாத கண் எடுங்கோ. சின்னக் கண் எண்டா கூடப் படும் எண்டு கடையில சொல்லுவாங்கள், படும்தான், படுறது முழுக்கக் குஞ்சு, அதை நண்டு வாங்குற கொம்பனிக்காரன் எடுக்கமாட்டான், எடுத்தாலும் கழிவு விலை, வலையில இருந்து கழட்டுற கூலி வேற கையால போகும். தங்கூசி வலை, அதான் ஒற்றை நைலோன் இழை வலை, அந்தப் பக்கம் போகவே போகாதேங்கோ, அது சட்டத்தில தடை. எந்த வலையெண்டாலும் அறுந்து அடியில கிடந்தா லேசில உக்காது, ஆளே இல்லாம நண்டையும் மீனையும் பிடிச்சுச் சாக்காட்டிக்கொண்டு கிடக்கும். அதால ரெண்டு தலைப்பிலயும் கல்லு ஒழுங்காக் கட்டி, மிதப்புக்கு ரெஜிபோமும் அடையாளத்துக்குக் கொடிக்கம்பும் வைச்சு, போட்ட இடத்தை போன் ஜிபிஎஸ்ஸில குறிச்சு வையுங்கோ. பழைய ஆக்கள் கரையில பனையையும் கோயிலையும் நேர்பிடிச்சு இடம் பாப்பினம், அதையும் பழகுங்கோ, போன் சார்ஜ் இறங்கினாலும் பனை அங்கதான் நிக்கும்.

இடம் எண்டா சாதாழை, அதான் கடல் புல்லு, நிக்கிற ஓரம், மணலும் சேறும் கலந்த தரை, ரெண்டு மூண்டு பாகத் தண்ணி, ஒரு பாகம் கிட்டத்தட்ட ஆறடி. சாதாழைக்கு மேலயே போட்டு இழுக்காதேங்கோ, அது கிளம்பினா அங்க வளருற குஞ்சு நண்டுக்கும் இறாலுக்கும் இடமில்லை, பிறகு நீங்கள் எதைப் பிடிக்கிறது? கல்லுத்தரை, பவளப்பார் பக்கமும் வேண்டாம், வலையும் கிழியும் சட்டமும் இடம் தராது. நிலவு பாத்துப் போடுற பழக்கமும் எங்கட பக்கம் இருக்கு, பறுவத்தோட, முழு நிலவு நாளில, வாற நண்டு கோதா இருக்கும், இருட்டு நாளில சதை பிடிச்சிருக்கும் எண்டுவினம், நானும் அப்படித்தான் பாத்துப் போறனான். சோளகக் காத்து அடிச்சுக் கடலை எழுப்பேக்க வீரம் காட்டவேண்டாம்.

பின்னேரம் போட்டா விடியப்புறம் எடுத்திடவேணும். எண்ணெய் மிச்சம் எண்டு ரெண்டு நாள் ஊறவிடுறது இப்ப கூடிப்போச்சு, 2022 ஆகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து 340க்குப் போனதில தொடங்கின பழக்கம், விளங்குது, ஆனா ஊறின வலையில பாதி நண்டு செத்திருக்கும், மிச்சத்தை மீன் கடிச்சிருக்கும். அதுக்குப் பதிலா அரைவாசி வலையைக் குறைச்சுக் கரைக்குக் கிட்டப் போடுங்கோ, ரெண்டு வள்ளம் சேந்து போங்கோ.

இனிச் சினை நண்டு, அதான் முட்டையோட நிக்கிற பெண் நண்டு. வயித்துக்குக் கீழ இருக்கிற மடிப்பு ஆணுக்கு ஒடுங்கிக் கூரா இருக்கும், பெண்ணுக்கு அகலமா வட்டமா இருக்கும், அதுக்குள்ள முட்டை பஞ்சு மாதிரித் தள்ளிக்கொண்டு நிண்டா சினை. முதல்ல செம்மஞ்சள் நிறமா இருக்கும், போகப்போகக் கருக்கும், கறுப்பெண்டா பொரிக்கக் கிட்ட. ஒரு நண்டிலயே லட்சக்கணக்கில முட்டை. அது வலையில மாட்டினா இழுக்காதேங்கோ, நூலை அறுத்து அந்த இடத்திலயே விடுங்கோ, ஒரு கண் தைக்கிறது அஞ்சு நிமிச வேலை. முட்டையைச் சுரண்டிப்போட்டு நண்டை விக்கிற ஆக்களும் இருக்கினம், அவையளோட எனக்குக் கதை இல்லை. ஓட்டின்ர ரெண்டு பக்க முள்ளுக்கு முள்ளு 10 சென்ரிமீற்றருக்குக் குறைஞ்சதையும் விடுங்கோ, வள்ளத்து ஓரத்தில அளவு கீறி வைச்சா சுகம். ஆமை பட்டாலும் உடன அறுத்து விடுங்கோ.

பிடிச்சதை நல்ல தண்ணியில கழுவாதேங்கோ, கடல்தண்ணியில நனைச்ச சாக்கால மூடி நிழலில வையுங்கோ. கரையில கழட்டுறது எங்கட பொம்பிளையள்தான், அவசரப்படுத்தினா கால் முறியும், முறிஞ்சா விலை விழும், அவையளின்ர கூலியில பிடிச்சுச் சரிக்கட்டுறது சரியான கேவலம். கிழிஞ்ச வலையைக் கரையில எறியாம, எரிக்காம, வாடிக்கு, அதான் கரையில இருக்கிற தொழில் கொட்டிலுக்கு, பின்னால ஒரு சாக்கில சேருங்கோ, மாடு திண்டு செத்த கதை எங்கட ஊரில புதுசில்லை.

இவ்வளவும் செய்தும் ரோலர், அதான் இழுவை மடி இழுக்கிற பெரிய படகு, வந்து ஒரே இரவில வலையை அள்ளிக்கொண்டு போனா என்ன செய்யிறது எண்டு கேப்பியள். இந்த ஆத்திரம் எனக்கும் இருக்கு. இழுவை மடி இஞ்ச இலங்கையில 2017இல சட்டம் போட்டுத் தடை செய்தது, ஆனா அங்கால இந்தியாப் பக்கம் இருந்து கிழமையில மூண்டு நாள், திங்கள் புதன் சனி எண்டு வாறது நிண்டபாடில்லை. அந்த இரவுகளில ஆழமான தாழ்வுப் பக்கம் போடாதேங்கோ, கரைக்குக் கிட்டப் போடுங்கோ. ஏப்ரல் 15இல இருந்து ஜூன் 14 வரைக்கும் தமிழ்நாட்டில ரோலருக்குத் தடைக்காலம், 61 நாள், புது வலை இறக்க அதுதான் நல்ல காலம். அதோட ஒண்டு, ரோலர்காரனைப் பற்றிக் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில எழும்பிக் கதைக்கிறதெண்டா எங்கட வள்ளத்துக்குள்ள சினையும் குஞ்சும் கிடக்கக்கூடாது, கிடந்தா கதைக்க வாயில்லை.

வலை போனா விடியவே இடம், நேரம், எத்தினை வலைத்துண்டு எண்டு எழுதி, மிஞ்சின வலைத்துண்டைப் படம் எடுத்து, சங்கத்துக்கும் பொலிசுக்கும் கடற்றொழில் பரிசோதகருக்கும் குடுங்கோ. பொலிசில போட்ட முறைப்பாட்டுக்கு எழுதின துண்டுச் சீட்டு கேட்டு வாங்குங்கோ, அதில்லாம எந்த நட்டஈட்டுக் கதையும் நகராது. வலை வாங்கின பில்லையும் பொலித்தீனில சுத்தி வீட்டில வையுங்கோ, வள்ளத்தில கொண்டு திரியாதேங்கோ.