அரண்மனைச் சமையற்கட்டைப் பார்ப்பது எப்படி? சாப்பாடு போன வழியே நடங்கள்

அரண்மனைக்குப் போகிறவர்கள் சிம்மாசனம், படுக்கையறை, நகை என்று சுற்றிக் களைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில்தான் சமையற்கட்டுக்குள் தலையை நீட்டுவார்கள். அதை முதலில் வையுங்கள். காலையில் கதவு திறந்ததும் கூட்டம் சிம்மாசனத்தைத் தேடி ஓடும். சமையற்கட்டு காலியாக இருக்கும்.

1. கிளம்பும் முன்

வார விடுமுறையைப் பாருங்கள். இஸ்தான்புல்லின் டோப்காப்பி அரண்மனை செவ்வாய்க்கிழமை திறக்காது. சமையற்கட்டு எங்கே இருக்கிறது என்றும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். லண்டன் கியூ அரண்மனையில் அது தனிக் கட்டடம். 1818-இல் மூடியது, 2012-இல்தான் பார்வைக்குத் திறந்தார்கள். அரண்மனையை மட்டும் பார்த்துத் திரும்பினால் தவறவிடுவீர்கள்.

2. வெளியே நின்று புகைபோக்கியைப் பாருங்கள்

போர்ச்சுகலின் சின்ட்ரா அரண்மனையில் கூம்பு வடிவப் புகைபோக்கிகள் இரண்டு, 33 மீட்டர் உயரம். உள்ளே போனபின் அந்தக் கூம்புக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள்: சமையற்கட்டின் கூரையே புகைபோக்கிதான். டோப்காப்பியில் வரிசையாக நிற்பவை 1574 தீவிபத்துக்குப் பிறகு ஒட்டோமான் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் திரும்பக் கட்டியவை. அங்கே பலரும் சீனப் பீங்கான் வைத்த கண்ணாடிப் பெட்டிகளிலேயே நின்றுவிடுவார்கள். தலைக்கு மேலே இருக்கும் புகைபோக்கிதான் சமையற்கட்டின் அடையாளம்!

3. அடுப்பங்கரையில் நிதானம்

இருட்டுக்குக் கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். பிறகு ஒரே கேள்வி: இறைச்சி கோத்த கம்பியைச் சுழற்றியது எது? இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் ஆள்தான். நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து கையால் சுற்றவேண்டும். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் உள்ள ராயல் பெவிலியன் அரண்மனையில் புகையே அந்த வேலையைச் செய்தது. மேலே எழும் வெப்பக்காற்று புகைபோக்கிக்குள் இருக்கும் விசிறியைச் சுழற்றும். விசிறியோடு பற்சக்கரம், அதிலிருந்து சங்கிலி, கடைசியில் கம்பி. நெருப்பு கூடினால் கம்பியும் வேகமாகச் சுற்றும். அடுப்பிலிருந்து மேல்நோக்கி அந்தச் சங்கிலியைக் கண்ணால் பின்தொடருங்கள், முழு இயந்திரமும் புரிந்துவிடும்.

4. காலடி எண்ணுங்கள்

பரிமாறும் சன்னலிலிருந்து சாப்பாட்டு மேசை வரை நடந்து எண்ணுங்கள். ஒரு காலடி சுமார் 70 செ.மீ. என்றால் நூறு காலடி 70 மீட்டர். படிக்கட்டு, திருப்பம், வாசல் எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். சாப்பாடு ஆறிப்போகும் இடங்கள் அவைதான். தீக்கும் புகைக்கும் பயந்து சமையற்கட்டைத் தள்ளி வைப்பதே வழக்கம். பிரைட்டன் விதிவிலக்கு: விருந்துக் கூடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தூண்களின் உச்சியில் பனையோலை அலங்காரம் வேறு. விருந்தினருக்குக் காட்டிப் பெருமைப்படக் கட்டியது.

5. சாப்பாட்டு அறை

மேசை மேல் அடுக்கியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் அது இன்றைய காட்சி அமைப்பு; மெழுகுப் பழமும் பொய்ரொட்டியும் இருக்கும். பாத்திரமும் வேறிடத்துச் சரக்காக இருக்கலாம். பிரைட்டன் சமையற்கட்டின் செம்புப் பாத்திரங்கள் வெலிங்டன் பிரபுவின் லண்டன் வீட்டிலிருந்து வந்தவை. ‘இது இங்கேயே இருந்ததா?’ என்று காவலரிடம் கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள்.

படம் எடுக்க: ஃபிளாஷ் வேண்டாம். பல இடங்களில் தடை. தடை இல்லாவிட்டாலும் செம்பில் பட்டு வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும். தொடக்கூடாத சுவர், தூண் எதிலும் சாயாமல், முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து அழுத்துங்கள். கல்தரை மேடுபள்ளமாக இருக்கும், தட்டையான செருப்பு போதும்.