அரிய பறவையைக் கண்டதும் செய்யக்கூடாதவை

அக்டோபர் பிறந்தால் ஆறுமணிக்குருவி தமிழ்நாட்டுக்கு வரத் தொடங்கிவிடும். வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு இரவில் பறந்து வருகிற பறவை. களைத்துப்போய்ச் சுவரிலோ கண்ணாடியிலோ மோதி, மொட்டைமாடியில் விழுந்து கிடக்கும். பச்சையும் நீலமும் சிவப்புமாக அதைப் பார்க்கிற பிள்ளைகள் பதறி, வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கினால் பறவை செத்துவிடும். சோறும் வேண்டாம், அது சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்பது. துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தெளிந்ததும் பக்கத்துப் புதரில் விட்டுவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அடுத்தது, கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பது. மெர்லின் செயலி குரலை அடையாளம் காண அருமையான துணை. ஆனால் அதையே திருப்பி ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டுப் பறவை அலையும். ஒருவர் செய்தால்கூடப் போகட்டும். வருகிறவர்கள் எல்லாரும் செய்தால் அது எப்போது தின்னும்?

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பறவைக் கூடுகளைப் படமெடுப்பதுதான். ஆள்காட்டி வெட்டவெளித் தரையில்தான் முட்டையிடும். கூழாங்கல் நிறத்தில் பெரும்பாலும் நாலு முட்டைகள். காலடியில் இருந்தாலும் தெரியாது. உச்சிவெயிலில் தாய் அவற்றின்மேல் நின்று நிழல் கொடுக்கும். நீங்கள் கேமராவோடு அங்கேயே உட்கார்ந்திருந்தால் அது திரும்பி வராது, முட்டை வெந்துபோகும். முட்டையைத் தின்னக் காக்கையும் உங்களைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும். ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிக் கத்தத் தொடங்கிவிட்டதா? வந்த வழியே காலடி பார்த்துத் திரும்பிவிடுங்கள்.

இருப்பிடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அப்படித்தான். ஆந்தை பகலில் தூங்கும் மரம் ஊருக்கே தெரிந்துவிட்டால் அதற்கு நிம்மதி கிடையாது. பிடித்து விற்பவர்களும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். வேட்டை அபாயமுள்ள சில இனங்களின் சரியான இடத்தை, பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்டு தளமே பொதுப்பார்வையிலிருந்து மறைத்துவைக்கிறது.

பதிவில் 'அரியது' ஒன்று இருக்க வேண்டும் என்ற ஆசையில் அடையாளத்தை ஊகித்து எழுதாதீர்கள். சந்தேகமென்றால் 'தெரியவில்லை' என்றே குறியுங்கள். மைனாவையும் காக்கையையும் விட்டுவிடவும் வேண்டாம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் அவற்றின் எண்ணிக்கையும் தேவை.